விருந்தினர் முன் கொமடோர் 64: எந்த டெமோவை ஓடவிடுவது?

என் மேசையில் இருக்கும் கொமடோர் 64-ஐ வீட்டுக்கு வருபவர்களில் பாதிப்பேர் தடித்த விசைப்பலகை என்றே நினைத்துக்கொள்கிறார்கள். கணினி எங்கே என்று மேசைக்கு அடியில் குனிந்து பார்த்தவர்களும் உண்டு. ஜெர்மானியர் இந்த வடிவத்துக்குப் பாண் பெட்டி என்று பொருள்படும் செல்லப்பெயர் ஒன்றை வைத்திருக்கிறார்கள். என்னுடைய பெட்டியின் அடியில் ஒட்டியிருக்கும் சீட்டில் மேற்கு ஜெர்மனியில் தயாரானது என்று அச்சாகியிருக்கிறது. அந்தப் பெயரில் இப்போது நாடு இல்லை, பெட்டி மட்டும் ஓடிக்கொண்டிருக்கிறது. 1982-இல் விற்பனைக்கு வந்த இந்த இயந்திரத்துக்கு 64 கிலோபைட் நினைவகமும், 16 நிறங்களும், நொடிக்குப் பத்து லட்சம் துடிப்பைக்கூட எட்டாத ஒரு செயலியும் மட்டுமே உண்டு. இதைக் கைபேசியோடு வளர்ந்தவர்கள் முன் வைத்து அவர்களை வாய்பிளக்கச் செய்ய வேண்டுமானால் எந்த டெமோவைப் போட வேண்டும் என்பதைப் பல மாலைகள் பலரிடம் ஓட்டிப் பார்த்த பிறகு இங்கே எழுதுகிறேன்.

டெமோ என்றால் என்னவென்று அறியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1980களில் விளையாட்டுகளின் நகல் பூட்டை உடைத்துப் பரப்பிய இளைஞர்கள், தங்கள் குழுவின் பெயரைப் பறைசாற்றுவதற்காக விளையாட்டுக்கு முன்னால் ஒரு சிறு அறிமுகத் திரையை ஒட்டிவைப்பார்கள். நாளடைவில் அந்தத் திரை விளையாட்டை உதறிவிட்டுத் தனிக் கலையாக வளர்ந்தது. படமும் இசையும் நிரலும் சேர்ந்து, இந்த இயந்திரத்தால் முடியாது என்று எல்லோரும் நம்பியதைச் செய்துகாட்டுவதுதான் அதன் ஒரே நோக்கம். பின்லாந்து 2020-இலும் ஜெர்மனி 2021-இலும் இந்தக் கலையைத் தங்கள் தேசியப் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்துக்கொண்டன.

முதல் முறை காட்டியபோது நான் தேர்வில் முழுக்கத் தோற்றேன். இந்தத் துறையில் ஊறியவர்கள் மெச்சும் எஃப்எல்ஐ முறைப் படங்களை வரிசையாகப் போட்டேன். சாதாரணமாக இந்தக் கணினியில் பலவண்ணப் படம் வரைந்தால், 4 பிக்சல் அகலமும் 8 வரி உயரமும் உள்ள ஒவ்வொரு கட்டத்துக்கும் 4 நிறங்கள்தான் கிடைக்கும். எஃப்எல்ஐ முறையில், படம் வரையும் விக்-2 சிப்பை ஒவ்வொரு வரியிலும் ஏமாற்றி நிறத் தகவலைப் புதிதாகப் படிக்கச் செய்வதால், ஒவ்வொரு வரிக்கும் வேறு நிறங்களைத் தேர்ந்துகொள்ளலாம். அதற்குச் செலுத்தும் விலையாகத் திரையின் இடது ஓரத்தில் 24 பிக்சல் அகலத்துக்குப் படம் கெட்டுப்போகும். இதையெல்லாம் நான் உணர்ச்சியோடு விளக்கி முடித்ததும், அக்காவின் மகள் படத்தைச் சிறிது நேரம் பார்த்துவிட்டு, "மாமா, என்ர போன்ல இதைவிட வடிவான படங்கள் இருக்கே" என்றாள். அவள் சொன்னதில் பிழையில்லை. நின்றிருக்கும் படத்தின் அருமை அதை வரைந்தவரின் சிரமத்தை அறிந்தவருக்கு மட்டுமே தெரியும். விளக்கினால்தான் வியப்பு வரும் என்றால் அந்த டெமோ வீட்டுக் காட்சிக்கு உரியதன்று.

அன்றிலிருந்து ஒரு வழக்கத்தைக் கைக்கொண்டிருக்கிறேன். எந்த டெமோவையும் போடுவதற்கு முன், கணினியை அணைத்து, விருந்தினர் கண்ணெதிரே மீண்டும் ஏற்றுகிறேன். கருநீலத் திரை, அதைச் சுற்றி வெளிர்நீலச் சட்டம், மேலே 38911 பைட் மீதமிருப்பதாகச் சொல்லும் வரி, கீழே கண்சிமிட்டும் சதுரம். விருந்தினரையே அவர்களுடைய பெயரைத் தட்டச்சு செய்யச் சொல்கிறேன். எழுத்துகள் எவ்வளவு பெரியவை, ஒரு வரியில் 40-க்கு மேல் அடங்காது, வெளிர்நீலச் சட்டத்துக்குள் எழுத்து நுழையவே நுழையாது என்பவற்றை அவர்கள் தாங்களே கண்டுகொள்கிறார்கள். இந்த இரண்டு நிமிடத்தைத் தவிர்த்துவிட்டு நேரடியாக டெமோவுக்குப் போனால், பார்ப்பவர் அதைப் பழைய காணொளி என்று எடுத்துக்கொள்வார்.

தொடக்கத்துக்கு நான் சிறிதும் தயங்காமல் பரிந்துரைப்பது லீனஸ் ஓகெசன் எழுதிய அ மைண்ட் இஸ் போர்ன். டெமோ எழுதுபவர்கள் ஒன்றுகூடிப் போட்டியிடும், ஜெர்மனியின் சார்புரூக்கன் நகரில் ஈஸ்டர் விடுமுறையில் நடக்கும் ரெவிஷன் கூடுகையில், 2017-ஆம் ஆண்டு, பழைய கணினிகளுக்கான 4 கிலோபைட் பிரிவில் இது முதலிடம் பெற்றது. போட்டி அனுமதித்த அளவு 4096 பைட். இது எடுத்துக்கொண்டது 256. அந்த 256 பைட்டுக்குள் இரண்டு நிமிடத்துக்கு மேல் நீளும் இசையும், அதோடு சேர்ந்து திரை முழுக்க மாறிக்கொண்டேயிருக்கும் கோலங்களும் அடங்கியிருக்கின்றன. 256 பைட் எவ்வளவு என்பதைத் தமிழில் சொல்வதானால், இன்று பரவலாக வழங்கும் ஒருங்குறிச் சேமிப்பில் எழுத்து, கால், கொம்பு, புள்ளி ஒவ்வொன்றுக்கும் 3 பைட் செலவாகும் என்பதால், நீங்கள் படித்துக்கொண்டிருக்கும் இந்த ஒரு வாக்கியமே அந்த நிரலைவிடப் பெரியது.

இதைக் காட்டும் முறையும் முக்கியம். டிஸ்க்கின் பட்டியலைத் திரையில் வரவழைத்து, கோப்பின் பெயருக்கு முன்னால் நிற்கும் எண்ணை விரலால் தொட்டுக் காட்டுங்கள். கோப்பு டிஸ்க்கில் எத்தனை பிளாக், அதாவது சேமிப்புத் துண்டுகள், பிடிக்கிறது என்பதே அந்த எண். ஒரு பிளாக்குக்கு 254 பைட்தான் கொள்ளும் ஆகையால் அங்கே 1 என்றிராமல் 2 என்று இருக்கும். அந்த இரண்டாவது பிளாக் ஏறக்குறைய வெறுமையானது. பக்கத்திலேயே ஏதாவதொரு விளையாட்டுக் கோப்பு 150, 200 என்று நின்றால் இன்னும் நல்லது. படம் என்ற அளவில் இந்த டெமோ அவ்வளவு அழகானதன்று என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆனால் எண்ணை முதலில் பார்த்துவிட்டு இசையைக் கேட்கிறவர்கள் நாற்காலியை மேசைக்கு அருகே இழுத்துப் போட்டுக்கொள்வதை நான் பலமுறை கண்டிருக்கிறேன்.

அடுத்து, அந்த வெளிர்நீலச் சட்டத்தை உடைக்கும் ஏதாவதொரு டெமோவைப் போட வேண்டும். எதை என்பது அவ்வளவு முக்கியமன்று. சட்டத்துக்குள் எழுத்துகள் உருண்டோடும் பழைய ஆக்கங்கள் 1980களின் பிற்பகுதியிலிருந்தே ஏராளமாகக் கிடைக்கின்றன. சட்டத்தைத் திறக்கும் தந்திரம் மட்டும் விளக்கத் தகுந்தது, ஏனென்றால் கணிதமே அறியாதவருக்கும் இது புரியும். திரையின் 251-ஆவது வரியை எட்டும்போது கீழ்ச் சட்டத்தை வரையத் தொடங்க வேண்டும் என்பது விக்-2 சிப்புக்கு இடப்பட்ட கட்டளை. எழுத்து வரிசைகளை 25-இலிருந்து 24-ஆகக் குறைத்தால் அந்த எல்லை 247-ஆவது வரிக்கு ஏறிவிடும். இப்போது, 247-ஐத் தாண்டி 251-க்கு வரும் முன்பாக வரிசைகளை 24 என்று மாற்றிவிட்டால், சிப் எதிர்பார்க்கும் எல்லை ஏற்கெனவே கடந்துபோயிருக்கும். ஏழு மணிக்குக் கதவைப் பூட்டச் சொல்லியிருந்த காவலாளியிடம், ஆறு ஐம்பதுக்குப் போய், பூட்டும் நேரத்தை ஆறே முக்காலாக மாற்றியாயிற்று என்று சொன்னால் என்ன ஆகும்? கடிகாரம் மட்டுமே தெரிந்த அந்த மனிதர், ஆறே முக்கால் மீண்டும் வரட்டும் என்று கதவைத் திறந்தபடியே விட்டுவைப்பார். அந்தத் திறந்த கதவு வழியாகத்தான் ஸ்ப்ரைட் எனப்படும், 24-க்கு 21 பிக்சல் அளவுள்ள நகரும் உருவங்கள் சட்டத்துக்குள் நுழைகின்றன. பக்கவாட்டுச் சட்டங்களைத் திறப்பதற்கோ இதே வேலையை ஒவ்வொரு வரியிலும், வரிக்குக் கிடைக்கும் 63 துடிப்புகளுக்குள், ஒரு துடிப்புகூடப் பிசகாமல் செய்ய வேண்டும். சற்றுமுன் தங்கள் பெயர் அந்தச் சட்டத்தின் ஓரத்தில் முட்டி அடுத்த வரிக்குத் திரும்பியதைப் பார்த்தவர்களுக்கு இது உடனே உறைக்கிறது.

மாலையின் நடுநாயகமாக எதை வைப்பது என்பதில் எனக்கு ஐயமே இல்லை. சுவீடனின் பூஸ் டிசைன் குழு, நெதர்லாந்தில் நடந்த எக்ஸ் 2008 கூடுகையில் வெளியிட்டு வென்ற எட்ஜ் ஆஃப் டிஸ்கிரேஸ் அது. பழைய டெமோக்களில் ஒரு காட்சி முடிந்ததும் திரை கறுத்துவிடும், டிஸ்க் டிரைவ் உறுமும், பார்ப்பவர் கைபேசியை எடுத்துவிடுவார். இதில் ஒரு காட்சி ஓடிக்கொண்டிருக்கும்போதே அடுத்தது பின்னால் ஏறிக்கொண்டிருக்கிறது. ஒன்றின் வடிவமே உருமாறி மற்றொன்றாவது போல, இசையின் தாளத்தில் விழுந்து விழுந்து காட்சிகள் மாறுகின்றன. இதன் அருமையை அறிய அந்த டிரைவைப் பற்றி ஒரு சொல். கொமடோரின் 1541 டிரைவுக்குள் தனியாக ஒரு 6502 செயலியும் 2 கிலோபைட் நினைவகமும் இருக்கின்றன. ஆகவே அதுவும் ஒரு முழுக் கணினிதான். ஆனால் தொழிற்சாலையிலிருந்து வந்த நிரலோடு அது நொடிக்கு ஏறக்குறைய 400 பைட்தான் அனுப்பும், அந்த வேகத்தில் 64 கிலோபைட் நினைவகத்தை நிரப்ப இரண்டரை நிமிடத்துக்கு மேலாகும். டெமோ எழுதுபவர்கள் டிரைவுக்குள் தங்கள் சொந்த நிரலைச் செலுத்தி, இரு கணினிகளும் பேசிக்கொள்ளும் மொழியையே மாற்றி, அந்த வேகத்தைப் பன்மடங்காக்குகிறார்கள். அதையும் படம் வரைந்து இசை வாசித்தது போக மிஞ்சும் துடிப்புகளில் செய்கிறார்கள். ஐரோப்பியக் கணினியில் ஒரு காட்சிச் சட்டகத்துக்கு மொத்தம் 19,656 துடிப்புகள், நொடிக்கு 50 சட்டகங்கள்; அதிலும் எழுத்து வரிசை தொடங்கும் ஒவ்வொரு எட்டாவது வரியிலும் விக்-2 சிப் 40 துடிப்புகளைப் பிடுங்கிக்கொள்ளும்.

இந்த எண்களில் எதையும் நான் விருந்தினரிடம் சொல்வதில்லை. டிரைவின் சிவப்பு விளக்கைப் பார்க்கச் சொல்வதோடு சரி. காட்சி நடக்கும்போதே விளக்கு எரிகிறது, டிரைவின் தலை நகரும் ஓசை இசைக்கு அடியில் கேட்கிறது. இது பதிவுசெய்த காணொளி அன்று, இந்தக் கணத்தில் மேசையிலேயே நடந்துகொண்டிருக்கிறது என்பதற்கு அந்த ஓசையைவிட நல்ல சாட்சி இல்லை. ஒரே குறை, நடுவில் டிஸ்க்கை மாற்றச் சொல்லித் திரை நின்றுவிடும். அந்த இடத்தை நான் தேநீருக்குப் பயன்படுத்திக்கொள்கிறேன். விருந்தினர் திரும்பி வந்து மிச்சத்தைக் கேட்டால் போடுகிறேன், கேட்காவிட்டால் இல்லை.

கேட்பவர்களுக்கு மிச்சத்தோடு இன்னொன்றும் உண்டு. டெனிஷ் குழுவான கெஃப்ரென்ஸ், 1993-இல் அமீகா கணினிக்கு டெசர்ட் ட்ரீம் என்ற டெமோவை எழுதி, நோர்வேயில் நடந்த தி கேதரிங் கூடுகையில் வென்றது. அமீகாவின் செயலி 7 மெகாஹெர்ட்சுக்கு மேல் ஓடக்கூடிய 68000; படத்துண்டுகளை நகர்த்தவும் வரிக்கு வரி நிறம் மாற்றவும் அதில் தனி உறுப்புகளே உண்டு. அதே டெமோவை ஹங்கேரியைச் சேர்ந்த கோரஸ், ரிசோர்ஸ் என்ற இரு குழுக்கள் 2007-இல் கொமடோர் 64-இல் மீண்டும் கட்டியெழுப்பின. இதை நான் காட்டும் முறை சற்றுக் குறும்பானது: அமீகாப் பதிப்பின் காணொளியைக் கைபேசியில் ஓடவிட்டு, கணினித் திரையின் ஓரத்தில் சாய்த்து வைத்துவிடுகிறேன். நிறங்கள் குறைந்திருக்கும், பிக்சல்கள் தடித்திருக்கும், ஆனால் காட்சிக்குக் காட்சி அடையாளம் தெரியும். தனியாகப் பார்த்தால் இந்தப் பதிப்பு எட்ஜ் ஆஃப் டிஸ்கிரேஸுக்கு ஒரு படி கீழேதான்; மூலத்தின் அருகில் வைக்கும்போதுதான் உயர்ந்து நிற்கிறது.

மற்றவற்றைப் பற்றி நீட்டி எழுதத் தேவையில்லை. கிரெஸ்டும் ஒக்ஸிரோனும் சேர்ந்து 2000-இல் வெளியிட்ட டேயுஸ் எக்ஸ் மாகினா அன்றைக்கு ஒரு திருப்புமுனை. இன்று முதன்முறை பார்ப்பவருக்கு அது மெதுவாகத் தோன்றுகிறது. பிளாக்மெயில் குழுவின் டச் ப்ரீஸ், 1991, அந்தக் காலத்தை நேரில் வாழ்ந்தவர்கள் வந்தால் போடலாம், அவர்கள் கண்கலங்குவார்கள், பக்கத்தில் இருக்கும் மனைவி மக்கள் கொட்டாவி விடுவார்கள். சென்சர் டிசைனும் ஒக்ஸிரோனும் 2014-இல் வெளியிட்ட கோமாலேண்ட், இரண்டாவது முறை வருபவர்களுக்காக நான் ஒதுக்கி வைத்திருப்பது. ரிஃப்ளெக்ஸ் குழுவின் ஃப்ரீஸ்பின், 2021, இன்னும் விசித்திரமானது: டிரைவுக்குள் ஏறிய பிறகு கணினியையே கழற்றிவிடலாம். தரவுக் கம்பியை நேராகத் திரையில் செருகினால், 1541 டிரைவ் தன்னந்தனியாகக் கறுப்பு வெள்ளைப் படம் வரைகிறது, தன் தலையை நகர்த்தும் மோட்டாரை உறுமவைத்தே இசையும் எழுப்புகிறது. இதற்கான கம்பியை நாமே பற்றவைத்துத் தயாரிக்க வேண்டும். பார்ப்பவருக்கு டிரைவ் என்றால் என்னவென்று முன்பே தெரிந்திருக்கவும் வேண்டும். ஆகவே வீட்டு விருந்துக்கு இதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

தேர்வு எவ்வளவு சரியாக இருந்தாலும் கருவிகள் சரியில்லையென்றால் எல்லாம் வீண். இந்த டெமோக்கள் ஐரோப்பியத் தொலைக்காட்சி முறைக்காக எழுதப்பட்டவை. வட அமெரிக்கக் கணினியில் வரிக்குரிய துடிப்புக் கணக்கே வேறு என்பதால் பெரும்பாலானவை உடைந்துபோகும். டிஸ்க்குக்குப் பதிலாக மெமரி கார்டைச் செருகும் மலிவான சாதனங்கள், 1541-இன் உள்ளே இருக்கும் செயலியைப் போலச் செய்வதில்லை. விளையாட்டுக் கோப்புகளுக்கு அவை போதும், சொந்த நிரலை டிரைவுக்குள் செலுத்தும் டெமோக்கள் அவற்றில் தொடக்கத்திலேயே நின்றுவிடும். உண்மையான டிரைவ், அல்லது அதைத் துடிப்புக்குத் துடிப்பு போலச் செய்யும் சாதனம், இரண்டிலொன்று தேவை. இரண்டாவது டிரைவோ அச்சுப்பொறியோ அதே கம்பியில் தொங்கிக்கொண்டிருந்தால் கழற்றிவிடுங்கள். திரையைப் பொறுத்தவரை, பழைய குழாய்த் திரைதான் வேண்டும். வரவேற்பறையிலிருந்த புதிய தொலைக்காட்சியில் ஒருமுறை இணைத்தேன். அது படத்தின் நான்கு ஓரங்களையும் வெட்டிவிட்டு நடுப்பகுதியை மட்டும் பெரிதாக்கிக் காட்டியது. அவ்வளவு பாடுபட்டுத் திறந்த சட்டம் திரையிலேயே இல்லாமற் போயிற்று. இப்போது கொமடோர் 1084 திரையை வைத்திருக்கிறேன், அதில் படத்தின் உயரத்தைச் சற்றுக் குறைத்துவிட்டால் மேலும் கீழும் முழுவதும் தெரியும்.

மின்சாரப் பெட்டியைப் பற்றிய எச்சரிக்கையை அனுபவித்தே சொல்கிறேன். பழைய பெட்டிகள் பழுதாகும்போது, அணைந்து போகாமல், 5 வோல்ட் தர வேண்டிய இடத்தில் கூடுதலாகத் தரத் தொடங்கிவிடும். சோதித்துப் பார்த்தது என்று உறுதி கூறி ஒருவர் விற்ற பெட்டியை நம்பி வாங்கினேன். ஒரு மாலைக்குள் என் முதல் கணினியின் நினைவக சிப்புகள் போய்விட்டன, விற்றவர் அதன்பின் பதிலே சொல்லவில்லை. பழையதை அழகுக்கு வைத்துக்கொண்டு, புதிதாகத் தயாரித்த ஒன்றில்தான் ஓட்ட வேண்டும்.

இன்னொன்று, காட்டப்போகும் டெமோவை உங்கள் கணினியிலேயே, அது நன்றாகச் சூடான பிறகும் ஒருமுறை ஓட்டிப் பார்த்துவிடுங்கள். விஎஸ்பி என்ற தந்திரத்தைக் கையாளும் டெமோக்கள், விக்-2 சிப் ஒரு வரியைப் படிக்கத் தொடங்கும் கணத்தைத் தள்ளிப்போட்டு, முழுப் படத்தையும் நகலெடுக்காமலேயே பக்கவாட்டில் நகர்த்துகின்றன. அந்தக் கணம் சில கணினிகளின் நினைவகத்துக்கு ஒத்துக்கொள்வதில்லை. பதினாறின் அடிப்படையிலான எண்முறையில் எழுதும்போது 7 அல்லது எஃப் என்று முடியும் நினைவக முகவரிகளில் உள்ள பைட்டுகள் கெட்டு, நிரல் நிலைகுலைந்துவிடும். ஒரே டெமோ நண்பரின் கணினியில் இரவு முழுவதும் ஓடும், நம்முடையதில் மூன்றாம் நிமிடத்தில் சாயும், இயந்திரம் சூடேறினால் சரியாகும் அல்லது மோசமாகும். என் தற்போதைய பெட்டி அந்தச் சந்தேகத்துக்குரிய இனத்தைச் சேர்ந்தது என்பதைச் சென்ற குளிர்காலத்தில், அறை நிறைய ஆட்கள் இருக்கும்போதுதான் தெரிந்துகொண்டேன். ஓடிக்கொண்டிருந்த படம் ஒரு நொடியில் எழுத்துச் சிதறல்களாக உடைந்தது, நிறங்கள் தாறுமாறாயின, இசை ஒரே சுரத்தில் நின்று அலறியது. பின்வரிசையில் யாரோ கைதட்டத் தொடங்க, எல்லோரும் சேர்ந்துகொண்டார்கள். நானும் தலையசைத்துவிட்டு, மெதுவாகக் கையை நீட்டி, பக்கவாட்டிலிருந்த சுவிட்சை அணைத்தேன்.